டமால் கையில் பெரிய பாத்திரம்

நாற்பத்தேழு வயது, பாதித் தலை நரை, சொந்தமாக ஒரு வேன், கீழே ஆறு ஆட்கள். பெரிய கட்டடங்களுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்துவது தொழில். பதின்மூன்றாவது மாடியில் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். அந்த நேரத்திலும் ஓர் ஆள் உயரக் கண்ணாடியைத் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் சட்டத்துக்குள் இறக்கி வைப்பான். இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றுகூட அவன் கையிலிருந்து விழுந்ததில்லை. வேலை இடத்தில் அவனுக்குக் கண்ணாடி மேஸ்திரி என்று பெயர். குடும்பத்தில் அவன் பெயர் டமால்.

வெளியாள் யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் கைகலப்பாகியிருக்கும். குடும்பம் கூப்பிட்டால் அதற்குப் பாசம் என்று சொல்கிறார்கள். அக்கா, அண்ணன் வாயில் டமால். அவர்கள் பிள்ளைகளுக்கு டமால் மாமா, டமால் சித்தப்பா. கல்யாணமான புதிதில் அவன் மனைவிக்கு வந்த முதல் அறிவுரையே, "நல்ல பையன்தான், ஆனா கையில எதையும் குடுத்துடாதே" என்பதுதான். குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதை அவனிடம் நீட்ட, அக்கா குறுக்கே புகுந்து வாங்கிக்கொண்டாள். சொந்த மகளைத் தூக்க அவன் மூன்று நாள் காத்திருந்தான். அக்கா ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் வாய்த்தது.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு பாத்திரம்.

வருடக் கடைசி விடுமுறை வந்தால் குடும்பம் மொத்தமும் அம்மா வீட்டில் கூடும். எதற்காகக் கூடுகிறோம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடுமே என்ற பயமாக இருக்கலாம். பள்ளித் தலைமையாசிரியையான அக்கா, யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவாள். உட்காருகிறவர்கள் எல்லோரும் வருடக்கணக்காக அதே நாற்காலியில்தான் உட்காருகிறார்கள் என்பது அவள் உற்சாகத்தைக் கெடுத்ததில்லை. அக்கா புருஷன், அதாவது அத்தான், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "டாக்டர் இனிப்பையே தொடக்கூடாதுன்னுட்டார்" என்று அறிவிப்பார். அறிவித்துவிட்டு இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்வார். வங்கி மேலாளரான அண்ணன் எழுந்து நின்று, குடும்ப ஒற்றுமையைப் பற்றி நாலு வார்த்தை பேசுவான். அடுத்த பத்தாவது நிமிடம், காரை யார் யாருக்குக் குறுக்கே நிறுத்தியது என்று அவனுக்கும் அக்காவுக்கும் வாய்த்தகராறு நடக்கும். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அதில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். இன்னொன்று எடுப்பார்கள், அதில் வேறொருவர் மூடியிருப்பார்.

இவற்றுக்கெல்லாம் நடுவே வருவதுதான் பெரிய பாத்திரம். பாலைச் சுண்டக் காய்ச்சி, முட்டை அடித்து ஊற்றி, ரொட்டித் துண்டுகளையும் உலர்ந்த பழங்களையும் அடுக்கி, ஓவனில் வேகவைக்கிற இனிப்பு. ஊரில் அதற்குப் புட்டிங் என்று பெயர். இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பெரிய பாத்திரம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

அதை முதலில் ருசி பார்க்கும் உரிமை அத்தைக்கு. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. வயது எண்பத்து நாலு. பல்லெல்லாம் போய்விட்டது, அந்த வேலையையும் சேர்த்து நாக்கே பார்த்துக்கொள்கிறது. அம்மா கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்ததை அத்தை பார்த்துவிட்டாள். "ருசி பாத்து சமைக்கிறவ சமைக்கத் தெரியாதவ" என்றாள். அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் அது சட்டம். பண்டிகைச் சாப்பாட்டை அம்மா ருசி பார்க்கமாட்டாள், வேறு யாரும் பார்க்கக் கூடாது. அத்தை முதல் கரண்டியை வாயில் போட்டு, கண்ணை மூடி, "ம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒற்றை எழுத்துக்காக அம்மா ஐம்பது வருடமாகக் கதவோரம் நின்றிருக்கிறாள்.

அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு வருடம். அப்போது பாத்திரம் பீங்கான். வெள்ளை வெளேரென்று, விளிம்பில் நீலக் கோடு போட்டது, அம்மாவுக்குக் கல்யாணத்தில் வந்தது. அப்பாவின் ஆட்கள் மொத்தப் பேரும் மேசையில். அப்பாவுக்குக் கையில் வேறு வேலை. "நான் எடுத்துட்டு வரேம்மா" என்று இவன் குதித்தான், அம்மாவும் கொடுத்தாள். சமையலறை வாசலைத் தாண்டவில்லை. டமால்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முப்பத்தெட்டு வருடம் பிழைப்பு நடத்திவிட்டது. அக்கா சொல்லும் கதையில் அவன் மிதியடி தடுக்கி விழுவான். அண்ணன் சொல்வதில் பராக்குப் பார்த்துக்கொண்டு நடப்பான். அத்தான் அப்போது இந்தக் குடும்பத்துக்கே வந்திருக்கவில்லை, இருந்தும் சத்தத்தோடு நடித்துக் காட்டுவார். அத்தை மட்டும் கடைசியில், "அந்த வருஷ இனிப்பு எப்படி இருந்துச்சோ, பாவம்" என்று பெருமூச்சு விடுவாள். அவனுக்கு ஞாபகம் இருப்பதோ ஒன்றே ஒன்று. இடது முழங்கையில் ஏதோ மாட்டி இழுத்தது. கதவுத் தாழ்ப்பாளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஒருமுறை அதைச் சொல்லியும் பார்த்தான். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று அண்ணன் சொல்ல, மேசையே குலுங்கிச் சிரித்தது. அவனும் சிரித்தான். வேறென்ன செய்வது?

அதற்குப் பிறகு எவர்சில்வர் பாத்திரம் வந்தது. இவனுக்குப் பயந்து வாங்கியது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அப்பா இருந்தவரை அப்பா தூக்கி வந்தார். பிறகு அண்ணன். இவனுக்கு ஒதுக்கப்பட்ட வேலை கைத்துடைக்கும் தாள்களை மடித்து வைப்பது. அவை விழுந்தாலும் சத்தம் வராது.

இந்த வருடம் அண்ணன் கையில் மாவுக்கட்டு. வங்கியின் ஆண்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி வைத்தார்களாம். பத்து வருடமாக நாற்காலியை விட்டு எழாத மேலாளர், ஊழியர்களுக்கு உற்சாகம் ஊட்டுகிறேன் என்று முன்னால் போய் நின்றிருக்கிறார். கயிறு அந்தப் பக்கம் போனது, மணிக்கட்டு இந்தப் பக்கம் போனது. சேதி கேட்டதும் டமால் தொலைபேசியில் மிகவும் வருத்தப்பட்டான். வைத்த பிறகு விசில் அடித்தபடி குளிக்கப் போனான்.

ஏனென்றால் அத்தானுக்கு முழங்கால் வலி. அக்காவுக்கு இடுப்பு வலி, பட்டை கட்டியிருக்கிறாள். பிள்ளைகள் எல்லாம் வேற்றூர்களில், இந்த முறை வரவில்லை. நிரம்பிய பாத்திரம் ஒன்பது கிலோ, அதுவும் கொதிக்கக் கொதிக்க. எட்டுத் திக்கும் தேடினாலும் மிச்சம் இருப்பது ஒரே ஜோடிக் கைதான்.

வேனில் வரும்போது மகள் கேட்டாள். பதினாலு வயது, எதையும் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாத வயது.

"அப்பா, வேலையில நீங்க கண்ணாடி உடைச்சதே இல்லைன்னு சொல்றது நிஜமா? இல்ல, அம்மா சும்மா எனக்காகச் சொல்றாங்களா?"

அவன் சாலையைப் பார்த்தபடி, "நிஜம்தான்" என்றான்.

"அப்ப ஏன் எல்லாரும் அப்படிச் சிரிக்கறாங்க? நீங்களும் சேந்து சிரிக்கறீங்க. எனக்குப் பிடிக்கல."

"இந்த வருஷம் பாரு" என்றான். பின் இருக்கையிலிருந்து மனைவி அவன் தோளில் கை வைத்தாள்.

அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவன் செய்த முதல் காரியம், வழியை அளந்ததுதான். வேலைக்குப் போனால் அப்படித்தான் செய்வான். கண்ணாடியைத் தூக்குவதற்கு முன் வெறுங்கையோடு ஒருதரம் நடந்து பார்ப்பான். அடுப்பு மேடையிலிருந்து மேசை வரை பதினாலு அடி. நடுவில் ஒரு நிலைப்படி. அதை ஒட்டி ஒரு மிதியடி, அதைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினான். தொலைக்காட்சியின் வயர் ஒன்று குறுக்கே கிடந்தது, சுவரோரம் ஒதுக்கினான். கதவைப் பின்னுக்குத் தள்ளி முட்டுக்கொடுத்தான். தாழ்ப்பாளைப் பார்த்தபோது ஒரு கணம் நின்றான். அது அவன் தோளுயரத்தில் இருந்தது. ஒன்பது வயதில் தலைக்கு மேலே இருந்திருக்க வேண்டும். வீடு மாறவில்லை, கதவும் மாறவில்லை, தாழ்ப்பாள் மட்டும் ஏறியிருக்குமா என்று யோசித்தான். அதற்குள் அக்கா கூப்பிட்டுவிட்டாள்.

அக்கா கூப்பிட்டது ஆலோசனைக் கூட்டத்துக்கு. அது பாத்திரத்தைப் பற்றி இல்லை, அம்மாவைப் பற்றி. போன மாதம் அம்மா அடுப்பை அணைக்காமல் படுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் கருகல் வாடை பிடித்து வந்து தட்டியிருக்கிறார். ஒரு பால் சட்டி போனது, வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அக்காவுக்கு அது போதும்.

"எழுபத்தஞ்சு வயசுல கண்ணும் சரியா தெரியல. ஆபரேஷன் பண்ணிக்கோன்னா மாட்டேங்கறா. நான் சொல்லிட்டேன், இந்த வருஷம் சாப்பாட்டுல ஒரு குறை, ஒரே ஒரு குறை இருந்தாலும் இதோட சரி. அடுத்த வருஷத்துலேர்ந்து ஹோட்டல் சாப்பாடு. அம்மா எங்கூட வந்துடணும். இந்த வீட்டப் பூட்டிடலாம்."

"அம்மா என்ன சொன்னா?" என்றான் அவன்.

"என்ன சொல்லுவா? 'உப்பு புளி பாக்க முடியாத அன்னிக்கு நீ கூப்பிட வேண்டாம், நானே வந்துடறேன்'னா. சரின்னுட்டேன்."

தலைமையாசிரியை அல்லவா, தேர்வு வைத்துவிட்டாள். அதுவும் மதிப்பெண் போடுவது அத்தை. விளங்கினாற்போலத்தான்.

பிறகு இரண்டாவது விவாதம் வந்தது. பாத்திரத்தை யார் எடுத்து வருவது? "நான் எடுத்துட்டு வரேன்" என்றான் அவன். அவர்கள் முழித்த முழியைப் பார்த்தால், விமானம் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டானோ என்று தோன்றும். அத்தான் முழங்காலைத் தடவிக்கொண்டே, "வேணும்னா நான் மெதுவா..." என்றார். எழுந்து ஓர் அடி வைத்தார், உட்கார்ந்தார். அண்ணன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டான். அத்தை, "ஏன், பாத்திரத்த அங்கேயே வச்சுட்டு நாம சமையல்கட்டுல போய் சாப்பிட்டா என்ன?" என்றாள். அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

மகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "அப்பா கொண்டு வருவாங்க" என்றாள், கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்பதுபோல.

"சரி, கடவுள் விட்ட வழி" என்றாள் அக்கா.

அவன் சமையலறைக்குள் போனபோது அம்மா பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே பொன்னிறமாகப் பூத்திருந்தது. நறுமணம் பசியில்லாதவனையும் உட்கார வைக்கும். அம்மாவுக்கு முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தது. அவனைப் பார்த்ததும் கை நின்றது.

"நீயா எடுத்துட்டுப் போற?"

"ஏம்மா, நீயுமா?"

"இல்லடா. நீதான் எடுக்கணும்" என்றாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. மேடையில் பாலை ஊற்றிக் கலந்த மரக்கரண்டி கிடந்தது, ஓரத்தில் காய்ந்துபோன ஆடையோடு. அம்மா அதைக் கழுவப் போனவள் வாசலை எட்டிப் பார்த்தாள். அத்தை கண்ணுக்குப் படவில்லை. சட்டென்று கரண்டியின் நுனியை வாயில் வைத்தாள்.

முகம் வெளுத்தது. கரண்டியை அவனிடம் நீட்டினாள். அவன் நாக்கில் வைத்தான். உப்பு. கடல் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சியதுபோல் உப்பு. மேடையின் மூலையில் ஒரே அச்சில் வார்த்த உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, மேலே ஒட்டிய தாளில் எழுத்து மங்கிப் போய்.

"அன்னிக்கும் இதேதான்டா" என்றாள் அம்மா.

"என்னிக்கு?"

"உனக்கு ஒம்பது வயசுல. பாத்திரத்த உன் கையில குடுத்துட்டுக் கரண்டிய நக்கினேன். உப்பு. நீ வாசல்கிட்டப் போயிட்ட. அங்க உங்கத்தை கரண்டியோட உக்காந்திருக்கா, உங்கப்பா வீட்டு ஆளுங்க மொத்தப் பேரும் இருக்காங்க. எனக்கு வேற ஒண்ணும் தோணல. ஓடி வந்து உன் முழங்கையப் புடிச்சு இழுத்துட்டேன்."

அவன் தன் இடது முழங்கையைப் பார்த்தான். அங்கே என்ன தெரியப்போகிறது?

"நீ கீழ போடலடா. நான்தான் போட்டேன்."

கோபம் வந்தது. முப்பத்தெட்டு வருடத்துக்கும் சேர்த்து ஒரேயடியாக வந்தது. கைத்துடைக்கும் தாள்கள், ஆஸ்பத்திரியில் காத்திருந்த மூன்று நாள், ஆடத் தெரியாதவளின் கூடம், எல்லாம் வரிசையில் நின்று கதவைத் தட்டின. "ஏம்மா சொல்லல?" என்றான். குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தான், முடியவில்லை. "இத்தனை வருஷத்துல ஒருநாள் கூடவா சொல்ல வாய் வரல?"

"மொத வருஷம் பயம். மறு வருஷம் வெக்கம். அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் சிரிச்ச. சரி, உனக்குப் பழகிடுச்சுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கவில்லை, அழவுமில்லை. "நீ போய் அக்காகிட்டச் சொல்லிடு. இதையும் சொல்லு, அதையும் சொல்லு. நான் பெட்டி கட்டிக்கறேன். உன்ன இன்னொரு தரம் மாட்டி விட மாட்டேன்."

"என்னடா ஆச்சு உள்ள? தூக்கத் தெரியலையா?" என்று அண்ணன் குரல் வந்தது. சிரிப்புச் சத்தமும் தொடர்ந்து வந்தது.

"வரேன்" என்றான் அவன்.

சொல்லிவிடுவது என்றுதான் பாத்திரத்தைத் தூக்கினான். மேசையில் பத்திரமாக, ஒரு துளி சிந்தாமல் வைப்பான். வைத்துவிட்டு, இனி என்னை டமால் என்று கூப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்று ஆரம்பிப்பான். கை இரண்டிலும் தடித்த துணி, முழங்கை விலாவோடு ஒட்டி, பார்வை பாத்திரத்தில் இல்லை, கால் வைக்கப்போகிற இடத்தில். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவன் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். நிலைப்படியைத் தாண்டினான். கூடத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

எட்டு அடி. மகள் மேசைக்கு அந்தப் பக்கம் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அது மற்றவர்கள் சிரிக்கிற சிரிப்பு இல்லை.

அக்கா அத்தையிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "அறையெல்லாம் தயார் பண்ணிட்டேன் அத்தை. சின்னதுதான், ஜன்னல் கிடையாது, ஆனா படுக்கத்தானே? சமையல்கட்டுப் பக்கமே வர வேண்டாம், சும்மா உக்காந்து சாப்பிடட்டும்." அத்தை ஏற்கெனவே கரண்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஜன்னல் கிடையாது. ஊருக்கெல்லாம் ஜன்னல் வைக்கிறவனின் அம்மாவுக்கு.

பத்து அடி. பதினொன்று. திரும்பிப் பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது, அம்மா கதவோரம் நின்றிருக்கிறாள். ஐம்பது வருடமாக நிற்கிற அதே இடத்தில், வரப்போவது என்னவென்று தெரிந்தும். இழுப்பதற்கு இந்த முறை அவள் கை நீளவில்லை.

தடுக்கி விழலாம் என்றால் தடுக்குவதற்கு ஒன்றுமில்லை. மிதியடியைச் சுருட்டியது அவன். வயரை ஒதுக்கியது அவன். கதவுக்கு முட்டுக்கொடுத்ததும் அவனே. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அரைமணி நேரம் பாடுபட்டு, வெறும் தரையை விட்டுவைத்திருந்தான். வேறு வழியில்லாமல் தன் வலது காலால் தன் இடது காலைத் தட்டிக்கொண்டான். பாத்திரம் அத்தையின் மடியில் விழக் கூடாது, மகள் பக்கம் போகக் கூடாது, சூடு யார் மேலும் படக் கூடாது, முக்கியமாக நிமிர்ந்தபடி விழக் கூடாது. வாழ்க்கையில் எதையும் அவன் அவ்வளவு கவனமாகத் தூக்கியதில்லை, அவ்வளவு கவனமாக அதைப் போட்டான்.

டமால்.

எவர்சில்வர் உடையாது, ஆனால் சத்தத்தில் பீங்கானுக்கு அண்ணன். பாத்திரம் கவிழ்ந்து விழுந்து, எகிறி, சோபாவுக்கு அடியில் உருண்டு போய் வெகுநேரம் சுழன்று அடங்கியது. பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! அண்ணன் மாவுக்கட்டால் மேசையைத் தட்டிச் சிரித்தான், வலித்தது, வலியோடும் சிரித்தான். அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். அத்தைக்குப் புரையேறியது. எந்த வருடமும் இல்லாத சந்தோஷம் அந்த வீட்டில் அன்றைக்கு இருந்தது. ஒற்றுமையைப் பற்றி அண்ணன் இத்தனை வருடம் பேசிய பேச்சால் ஆகாததை ஒரு பாத்திரம் செய்துவிட்டது.

அத்தான் ஒருவர்தான் சிரிக்கவில்லை. முழங்கால் வலியை மறந்து தரையில் குந்தி, குவியலை உற்றுப் பார்த்தார். "மேல இருக்கறது தரையில படலையே. சுத்தமாத்தானே இருக்கு? ஒரு கரண்டி குடுங்க" என்றார்.

கரண்டி அவர் கைக்கு வந்துவிட்டது. "இருங்க அத்தான், நான் சுத்தம் பண்றேன்" என்று டமால் அவசரமாக ஓர் அடி முன்னால் வைத்தான், நேராகக் குவியலின் நடுவில். வெறுங்கால், சூடு வேறு. அது போதாதென்று, வழுக்கியதுபோல் இன்னொரு காலையும் வைத்தான். அத்தான் கரண்டியைக் கையில் பிடித்தபடி, பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மனுஷனாடா நீ?" என்றார். முப்பது வருட உறவில் அவர் இவனிடம் இவ்வளவு மனம் விட்டுப் பேசியதில்லை.

அம்மா தரை துடைக்கும் துணியும் வாளியுமாக வந்தாள். "கண்ண எங்கடா வச்சிருந்த?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி திட்டினாள். திட்டும்போது உதடு நடுங்கியது. கோபத்தால் நடுங்குகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவன் குனிந்து துணியை வாங்கியபோது அம்மாவின் விரல்கள் அவன் இடது முழங்கையைப் பிடித்தன. இந்த முறை இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தன.

"பாவம்மா நீ" என்று அக்கா உருகினாள். "ரெண்டு நாளா நின்னு செஞ்ச. பாக்கவே எவ்வளவு அழகா இருந்துச்சு! வாசனையே சொல்லுது. இந்தக் கடன்காரன்கிட்டக் குடுத்தது நம்ம தப்பு. அடுத்த வருஷமும் நீயே செய், நான் வந்து எடுத்து வைக்கறேன். இவன் சமையல்கட்டுப் பக்கமே வரக் கூடாது."

"சரி" என்றான் அவன்.

மனைவி அவனைப் பார்க்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மகள் கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. அதுதான் அவனுக்கு வலித்தது. அவளிடம் என்ன சொல்வது, இன்றைக்குச் சொல்வதா, அம்மா காலத்துக்குப் பிறகு சொல்வதா, சொன்னால்தான் நம்புவாளா? நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். சட்டைக் கையெல்லாம் இனிப்பு, அப்படித்தான் அதற்குப் பெயர்.

மகள் கைத்துடைக்கும் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். காலையில் அவன் மடித்துவைத்ததுதான். அவன் சட்டைக் கையைத் துடைத்தாள். விரலில் ஒட்டியதைப் பழக்க தோஷத்தில் வாயில் வைத்தாள்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், தடுக்க நேரமில்லை. அவள் கண் விரிந்தது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மெதுவாகத் திரும்பிச் சமையலறை வாசலைப் பார்த்தாள். அங்கே பாட்டி வாளியோடு நின்றிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினானா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு ஆட்டினான்.

"அடியே, நீ வாயில வச்சத நான் பாத்தேன்" என்றாள் அத்தை. எண்பத்து நாலு வயதிலும் அந்தக் கண்ணுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "எனக்கு முன்னால ருசி பாத்துட்டியா? போகட்டும். எப்படி இருந்துச்சு?"

மொத்தக் குடும்பமும் அவள் பக்கம் திரும்பியது. கதவோரத்தில் வாளியின் கைப்பிடி கிளிக் என்றது.

மகள் விழுங்கினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ரொம்ப நல்லா இருக்கு அத்தைப் பாட்டி" என்றாள். "எப்பவும் இருக்கறத விட இந்த வருஷம் இனிப்பு கொஞ்சம் தூக்கல்."

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "டமால் சித்தப்பா, டமால் மாமா" என்று அண்ணன் ராகம் போட்டான். மகள் மேசையிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள், இன்னொரு டம்ளரும் ஊற்றிக் குடித்தாள். அப்புறம் அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒட்டி உட்கார்ந்து, அவன் காதோடு சொன்னாள்.

"ரொம்ப நல்லா கீழ போட்டீங்கப்பா."